யப்பானுக்கு யாரும் போகவில்லை

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன், சுகம் என்றாய். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். அங்கே மழையா என்றேன், தூறல் என்றாய். இருபது நிமிடம் கதைத்தோம். அதில் ஒரு சொல்லாவது உன் அப்பாவைப் பற்றி இருந்ததா? வழக்கம்போல இல்லை. கடைசியில் போனை வைக்கப்போகிற நேரத்தில்தான் ஏதோ மறந்துபோன சாமானைப் பற்றிச் சொல்வதுபோல அந்தச் செய்தியைச் சொன்னாய். யப்பான் கம்பஸுக்கு அரை வருடம் போய்ப் படிக்க இந்த முறையும் பிள்ளைகளை எடுக்கிறார்களாம், கடைசி வருடக்காரரும் போடலாமாம், உன் விரிவுரையாளரே உன்னைக் கூப்பிட்டு விண்ணப்பிக்கச் சொன்னாராம். நான் சந்தோசத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நீயோ, "நான் போடேல்லயம்மா. அந்தப் போமில தகப்பன்ர கையெழுத்து வேணும். அவரிட்டப் போய் இன்னொருக்காக் கேக்க என்னால ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அவர் என்றாய். அப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். கிளினிக்கில் வரிசையில் நிற்கிற சனத்துக்கு நம்பர்த் துண்டு கொடுப்பதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். திங்கட்கிழமை ஒரு வயதான மனிசன் தன் நம்பரை மூன்று தரம் கேட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த டொக்டர் எழும்பி வந்து பார்த்தார். அந்த மனிசனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் பாவம், என் எரிச்சல் அவரில் இல்லை. உன்னில் எரிச்சல், அதைவிட அப்பாவில், எல்லாரையும்விட என்னில். என்னில் ஏன் என்று உனக்குத் தெரியாது. ஒரு வருடமும் மூன்று மாதமும் நான் அதை உனக்குச் சொல்லவில்லை. போனில் சொல்லலாம் என்றால், போனைக் காதில் வைத்தவுடன் என் வாய்க்கு உண்மை வராது. அது ஏன் என்றும் சொல்கிறேன். ஆனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் உன் யப்பான் பயணத்தைக் கெடுத்தது அப்பா இல்லை, நான்.

எறியாமல் வாசி. முழுக்க வாசித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

அப்பா கையெழுத்து வைத்த நாள் உனக்கு நினைவிருக்கும். துறைமுக வீதிப் பட்டறையிலிருந்து கை முழுக்க போட் இஞ்சின் எண்ணெயோடு வந்தார். நீ போமை நீட்டினாய். "ஆறு மாசம் போனா இஞ்சத்தப் படிப்புப் பிந்தாதோ?" என்று ஒரு கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு உன் முகம் சுருங்கியது. மூதூர்ப் பக்கத்தில் கடல்தண்ணி ஏறி உப்பாய்ப் போன வயல்களைப் பற்றிச் சொன்னாய், அந்த மாதிரி மண்ணை யப்பானில் எப்படித் திருத்தினார்கள் என்று நேரில் பார்க்கலாம் என்றாய், அரை மணித்தியாலம் விளக்கினாய். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார். அவருக்கு விருப்பமில்லை என்று நீ நினைத்தாய். தம்பி, அவர் கிணற்றடிக்குப் போய் உடுப்புத் தோய்க்கிற பவுடர் போட்டு நகத்துக்குள் இருந்த கறுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைத் தாளில் கறை படக்கூடாதாம். திரும்பி வந்து மேசையில் பழைய பேப்பரை விரித்து, அதன்மேல் போமை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகும் பேசவில்லை. சந்தோசம் வந்தால் அந்த மனிசனுக்குப் பேச்சு வராது. துக்கம் வந்தாலும் வராது. இதை வைத்துக்கொண்டு ஆளை எப்படி விளங்கிக்கொள்வது என்று இருபத்தாறு வருடமாக நானே திண்டாடுகிறேன், உன்னை என்ன சொல்ல.

அன்றைக்கு நான் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கட்டளை போட்டேன். விமானம் ஏறுகிற வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டிச் சொன்னால் கண்பட்டுப் போகும், காரியம் தடைப்படும், ஏறிப் பறந்த பிறகு சொன்னால் போதும். இந்த ஊரில் என்னை மாதிரி எத்தனை தாய்மார் இருக்கிறார்கள் என்று எண்ண ஏலாது. விசா கையில் வந்தவனும் "சும்மா கொழும்புக்குப் போறன்" என்றுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். முக்கியமாக முன்வீட்டு ராணியக்காவுக்குத் தெரியவே கூடாது என்றேன். அந்த மனிசி ஒரு முருங்கை மரத்தைப் பார்த்து "என்ன காய் காய்ச்சிருக்கு" என்று சொன்ன கிழமையே அது முறிந்து விழுந்தது என்று நான் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். காற்றுக்கு விழுந்த மரம் அது, எனக்கும் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. நீ மண் எடுக்க நாலு நாளுக்குக் காட்டுப் பக்கம் போயிருந்தாய், உன் போனுக்குச் சிக்னல் இல்லை. ராணியக்கா தேங்காய் திருவலை கேட்டு வந்தவர், கேட்டதை வாங்கிக்கொண்டு போகாமல் என் குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து முன் அறையில் இருந்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண்பிள்ளையின் குரல், சிங்களப் பிள்ளை, தடுக்கித் தடுக்கித் தமிழில் கதைத்தது. உன் பெயரைச் சொல்லி, "அவங்க அம்மாவா?" என்று கேட்டது. பிறகு, "மகன் யப்பான் போறது உங்களுக்குத் தெரியுமா? அப்பா சம்மதம் குடுத்து சைன் பண்ணினதா?" என்றது. ராணியக்காவின் இரண்டு கண்ணும் என் முகத்தில். நான் யோசிக்கவே இல்லை தம்பி. கடவுளாணை, யோசிக்கவில்லை. "இல்ல பிள்ளை, இஞ்சயிருந்து ஒருத்தரும் யப்பானுக்குப் போகேல்ல. அப்பிடி ஒண்டிலயும் அவர் சைன் வைக்கேல்ல" என்றேன். அந்தப் பிள்ளை நம்பமாட்டாமல் இன்னொரு தரம் கேட்டது. நானும் இன்னொரு தரம், இன்னும் வடிவாக, இன்னும் உறுதியாக, இல்லை என்றேன்.

அது உன் கம்பஸிலிருந்து வந்த போன். தெரிவான பிள்ளைகளின் வீட்டுக்கு எடுத்துத் தாய் தகப்பனுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அன்று பின்னேரமே பெயர்களை யப்பானுக்கு அனுப்ப வேண்டியிருந்ததாம். அவர்கள் என்ன நினைப்பார்கள்? பெடியன் தகப்பனின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான் என்று நினைத்தார்கள். உன் பெயரை எடுத்துவிட்டு அடுத்த பிள்ளையின் பெயரைப் போட்டார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. பெற்ற தாயே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னால் யார்தான் என்ன செய்வது?

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒரு வருடமாக என்னையே போட்டு உலுப்புகிறேன். ராணியக்கா இருந்தது ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அது இல்லை. உன் பெரிய மாமாவின் வலக்கையில் இரண்டு விரல் மடங்காதே, இஞ்சின் பெல்ட்டில் மாட்டினது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோமே, அது பொய். எனக்குப் பதினாலு வயது. சண்டைக் காலம். ஒரு நாள் காலமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, அண்ணா எங்கே தங்கச்சி என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டார்கள். நானும் மரியாதையாக, "மூதூர் லோஞ்சுக்குப் போட்டார்" என்றேன். மூதூருக்கு ஆள் ஏற்றி இறக்குகிற அந்தப் படகு வந்து நிற்கிற ஜெற்றியில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாளுக்குப் பிறகு விட்டார்கள், அந்தக் கையோடு. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தெரியாத ஆள் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இல்லை. தெரியாது. போகவில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நேவிக்காரர் இப்போது ரோட்டில் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். என் வாய்க்குத்தான் இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் வாங்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. பயந்த காலத்தில் பயந்தது பிழை இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து உன் தலையில் வைத்ததுதான் பிழை. ஐந்தாம் வகுப்பில் நீ புலமைப்பரிசில் பாஸ் பண்ணின நாளை மறந்திருக்கமாட்டாய். நீ துள்ளிக்கொண்டு ஓடிப்போய் ராணியக்காவின் படலையில் ஏறி நின்று, "நான் பாஸ்" என்று கத்தினாய். நான் பின்னாலேயே ஓடிவந்து, "பகிடிக்குச் சொல்றான் அக்கா, நாலு மார்க்ஸால போச்சு" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பத்து வயதுப் பிள்ளை அப்படிப் பார்க்கக்கூடாது. அதற்குப் பிறகு நீ எந்தச் சந்தோசத்தையும் வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. ஏலெவல் முடிவு வந்த நாளும் போனைப் பார்த்துவிட்டுப் போய்க் குளித்தாய். என் பிள்ளை அடக்கமானவன் என்று நான் பெருமைப்பட்டேன். என்ன விசர் எனக்கு.

மிச்சத்தையும் கேள். போனை வைத்துவிட்டு, ராணியக்காவையும் ஒருவழியாக அனுப்பிவிட்டு முன் அறைக்கு வந்தால், அப்பா கையில் சோற்றோடு அப்படியே இருந்தார். "என்ன சொன்னனீர் நீர்?" என்றார். "ஆரோ வீட்டுப் புதினம், விடுப்புக் கேக்கினம்" என்றேன். "அது அவன்ர கம்பஸா இருந்தா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே அந்த நம்பருக்கு எடுத்தோம், ஆள் இல்லை. பின்னேரம் வரை எடுத்தோம். சனி, ஞாயிறு, பிறகு திங்கள் போயா லீவு. செவ்வாய்க்கிழமை விடிய முதல் பஸ்ஸில் அப்பா வெளிக்கிட்டார். கலியாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற அந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து, உன் கம்பஸுக்கு வந்து, விசாரித்து விசாரித்து அந்த அறையைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் பிள்ளையிடம் தனக்குத் தெரிந்த துறைமுகச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். சொன்னால் நம்புவார்களோ என்று, ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அதில் மூன்று தரம் தன் கையெழுத்தை வைத்துக் காட்டியிருக்கிறார். போமில் இருந்த கையெழுத்தும் அதுவும் ஒன்று. அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனால் பெயர்கள் வெள்ளிக்கிழமையே போய்விட்டன. இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று சொல்லி ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததாம். நான் மகனுக்கு விளங்கப்படுத்தவா என்றும் கேட்டதாம். "வேண்டாம், நானே சொல்லுறன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். எங்கே சொன்னார்? கன்ரீனுக்குப் பக்கத்தில் நின்று உன்னைத் தூரத்தில் பார்த்தாராம். நீ சினேகிதர்களோடு சிரித்துக்கொண்டு நின்றாயாம். கூப்பிட மனம் வராமல் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்.

அன்று பின்னேரம் நீ எனக்கு எடுத்தாய். பெற்றோர் சம்மதம் உறுதியாகவில்லை என்று சொல்லி உன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றாய். அப்பாவை அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது உன் சினேகிதன் கண்டிருக்கிறான். "அப்பா இஞ்ச வந்தவரா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? இல்லை என்றேன். வாய் திறந்தால் முதலில் வருவது அதுதானே. நீ மறுபடியும் கேட்டபோது, "ஓம், வந்தவர்தான்" என்று இழுத்தேன். அந்த இழுவை போதும் உனக்கு. தகப்பன் போய்ச் சம்மதத்தைத் திருப்பி வாங்கிவிட்டார், தாய் அதை மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாய். கதை எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது பார்.

அடுத்த நாளே உனக்கு உண்மையைச் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். அப்பா அதை வாங்கி மேசையில் வைத்தார். "விடும். என்னோட கோவமெண்டா உம்மோடயாவது கதைப்பான். உம்மோடயும் கோவிச்சானெண்டா வீட்டுப் பக்கமே வரமாட்டான். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது தம்பி. இதுதான் இந்தக் கடிதத்தில் எழுத மிகவும் கஷ்டமான வரி. எனக்கு அது வசதியாக இருந்தது. கொஞ்ச நாள் ஒரு வருடமானது. நீ சித்திரை வருசத்துக்கு இரண்டு நாள் வந்து, ஒரே மேசையில் இருந்துகொண்டு, "அப்பாட்டச் சொல்லுங்கோ தண்ணிப் போத்தலத் தரச்சொல்லி" என்று எனக்குச் சொன்னாய். அவர் போத்தலை எடுத்து என்னிடம் தந்தார். நான் வாங்கி உன்னிடம் தந்தேன். ஒரு முழம் தூரத்துக்கு நான் லோஞ்ச் ஓடினேன்.

அவரில் எனக்கு வருகிற கோபத்தைச் சொல்லவா? ஒரு வாய் திறந்து, "நான் இல்லையடா" என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? பெரிய தியாகி மாதிரிப் பட்டறைக்குப் போவதும் வருவதும். நீ எனக்கு எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் ஏதாவது சாட்டுச் சொல்லி முன் அறையில் என் கதிரைக்குப் பின்னால் நிற்பார். அலுமாரியில் எதையோ தேடுவார். அந்த அலுமாரியில் அவருடைய சாமான் ஒன்றும் இல்லை. நீ போனை வைத்த பிறகு, "அங்க மழையோ?" என்று என்னைக் கேட்பார்.

உன்னிலும் எனக்குக் கோபம்தான். நான் தாய் என்பதற்காக அதை விழுங்க மாட்டேன். மண்ணை எடுத்து, காய்ச்சி, வடித்து, அதற்குள் எத்தனை உப்பு என்று பத்துத் தரம் சரிபார்க்கிற நீ, தகப்பனிடம் ஒரே ஒரு தரம் நேரே கேட்டாயா? "ஏனப்பா வந்தனீங்கள்?" என்று கேட்டிருந்தால் அந்த மனிசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை. என்னிடமிருந்து படித்துக்கொண்டாய். வாயை மூடிக்கொண்டு முடிவெடுப்பது என் பழக்கம். அதை உனக்குச் சீதனமாகத் தந்துவிட்டேன் போல இருக்கிறது. யப்பானுக்குப் போனால் அங்கே பாஷை தெரியாமல் நிற்பாய். கடையில், பஸ்ஸில், வகுப்பில், விளங்காததை வாய் திறந்து கேள். வெட்கப்படாதே. கேட்காமல் நீயாக ஒரு பதிலை உண்டாக்கி அதை நம்பிக்கொண்டு திரியாதே. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான், மற்றதெல்லாம் உனக்கே தெரியும்.

இனி இந்தக் கிழமை நான் செய்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை கிளினிக் முடிந்தவுடன் அந்தப் பிள்ளையின் நம்பருக்கு நானே எடுத்தேன். அப்பா அதை ஒரு வருடமாகத் தன் பேர்ஸுக்குள் மடித்து வைத்திருந்தார். "அண்டைக்கு ஒருத்தரும் போகேல்ல எண்டு சொன்ன அம்மா நான்தான் பிள்ளை" என்றேன். அந்தப் பிள்ளை என்னை மறக்கவில்லை. பிறகு, "அப்பா நல்லா இருக்கிறதா?" என்று கேட்டது. இந்த முறையும் விண்ணப்பிக்கலாம், வாற வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றது. போமை என் போனுக்கு அனுப்பியது. பஸ் ஸ்டாண்ட் கடையில் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரர் என்ன போம் என்று கேட்டார். "என்ர மகன் யப்பானுக்குப் படிக்கப் போக" என்றேன். கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஆனால் சொன்னேன்.

இந்த முறை போமில் சாட்சிக்கும் ஒரு கையெழுத்து வேண்டுமாம். என்னால்தான் அதைச் சேர்த்தார்களோ தெரியாது. சாட்சிக்கு ஆரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். பிறகு எழும்பி நேரே முன்வீட்டுக்குப் போனேன். "ராணியக்கா, என்ர பெடியன் யப்பானுக்குப் போகப் பாக்கிறான். இன்னும் ஒண்டும் சரிவரேல்ல. ஒரு கையெழுத்து வைக்கவேணும், வாங்கோ" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பவாவது சொன்னியே. போன முறையே எனக்குத் தெரியுமடி. அண்டைக்கு நீ போனில யப்பான் யப்பான் எண்டு கத்தேக்க நான் என்ன செவிடோ? நீ ஒளிக்கிறாய் எண்டு நானும் கேக்கேல்ல. அவன் நல்லாப் போகோணும் எண்டு அம்மனுக்கு நேத்தி வைச்சனான். அது இன்னும் குடுபடாமக் கிடக்கு" என்றார். நான் அந்த வாசலிலேயே இருந்து அழுதேன். இத்தனை வருடமாக யாருடைய கண்ணுக்குப் பயந்து உன்னை ஒளித்தேனோ அந்த மனிசி உனக்காகக் கோயிலில் நின்றிருக்கிறார்.

அப்பா பட்டறையால் வந்தார். போமைக் காட்டினேன். "அவன் கேட்டவனா?" என்றார். ஓம் என்று சொல்ல வாய் துடித்தது. அப்படி ஒரு பொய்யால் அந்த மனிசனுக்கு ஒரு நாளாவது சந்தோசம் கிடைத்திருக்கும். "இல்ல, அவன் கேக்கேல்ல. நான்தான் எடுத்தனான்" என்றேன். தலையை ஆட்டினார். பிறகு கிணற்றடிக்குப் போய்ப் பவுடர் போட்டுக் கை கழுவினார். ராணியக்கா பார்த்துக்கொண்டிருக்க, அதே மேசையில், பழைய பேப்பரை விரித்துக் கையெழுத்து வைத்தார். கீழே ராணியக்கா சாட்சிக்கு வைத்தார். கடிதம் எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஏன் இப்ப அதைக் கிளறுறீர்" என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொல்லைக் கேட்டு ஒரு வருடம் போனது போதும்.

போம் இதோடு இருக்கிறது. வியாழக்கிழமை ராணியக்கா கண்டியில் உன் கம்பஸுக்குக் கிட்ட இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறார், அவரிடமே கொடுத்துவிடுகிறேன். கடித உறையை நான் ஒட்டவில்லை. அவர் வாசித்தால் வாசிக்கட்டும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் வாசித்தாலும் வாசிக்கட்டும். தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மீன்காரர், கிளினிக்கில் துண்டு வாங்க வந்த சனம், உன் பெரிய மாமா எல்லாருக்கும் தெரியும். நீ தெரிவாகாவிட்டால் எல்லாரும் கேட்பார்கள், நானும் இந்த முறை சரிவரவில்லை என்று சொல்லுவேன். அதில் செத்துப்போக மாட்டோம். கம்பஸிலிருந்து போன் வந்தால் குசினியில் யார் இருந்தாலும் ஓம் என்பேன். போவதும் போகாததும் உன் விருப்பம். ஆனால் அப்பா கையெழுத்து வைக்கமாட்டார் என்று மட்டும் இனி யாருக்கும் சொல்லாதே.

ஒன்று கேட்கிறேன், செய். வெள்ளிக்கிழமை போமைக் கொடுக்க முதல் வீட்டுக்கு ஒரு போன் எடு. எனக்கு இல்லை, அப்பாவின் நம்பருக்கு. அவர் மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருவார், நான் அந்த நேரம் கிளினிக்கில் நிற்பேன். வேண்டுமென்றேதான் நிற்பேன். என் போனையும் நிற்பாட்டி வைப்பேன். உன் பெயரைக் கண்டவுடன் அவர் பயந்துபோவார், உன்னோடு கதைத்து அவருக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. எடுத்தவுடன், "அம்மா இல்ல" என்றுதான் சொல்லுவார்.

வைத்துவிடாதே.

அம்மா